எம்.எஸ். சுப்புலட்சுமியின் மேடையமைதி: மதுரை வீட்டின் பங்கு

கருநாடக இசைமேடையில் எம்.எஸ். சுப்புலட்சுமி (1916–2004) அமர்ந்திருந்த கோலம் பலராலும் வியந்து பேசப்பட்டது. மிகையற்ற உடலசைவும் அடக்கமான முகமும் பக்தியின் இயல்பான வெளிப்பாடுகளாகவே பெரிதும் விளக்கப்பட்டன. அவ்வமைதி பழகிப் பெறப்பட்டது என்பதற்கு அவரது மதுரை வாழ்க்கை சான்றாகிறது.

மீனாட்சியம்மன் கோயிலை அடுத்த அனுமந்தராயன் கோயில் தெருவில் 1916 செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்தார். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர். உடன்பிறந்தோருள் சக்திவேல் மிருதங்கமும் வடிவாம்பாள் வீணையும் பயின்றனர். இசை அவ்வீட்டின் கல்வியாகவும் பிழைப்பாகவும் இருந்தது. மதுரை சீனிவாச ஐயங்காரிடம் தொடங்கிய பயிற்சி, ஆசிரியர் மறைவால் விரைவில் நின்றுபோயிற்று. பின்னர்ச் சிறுமி தானே ஒரு முறையைக் கண்டுகொண்டார். தம்புராவைச் சுருதி கூட்டிப் பாடத் தொடங்குவார்; இடையில் மீட்டுவதை நிறுத்திவிட்டுப் பாட்டைத் தொடர்வார்; சற்று நேரம் கழித்து மீண்டும் மீட்டி, குரல் சுருதியில் நிற்கிறதா எனச் சோதிப்பார். சுருதியைத் தன்னுள்ளேயே நிறுத்திக்கொண்ட பாடகர் அதனைக் கையாலும் முகத்தாலும் தேட வேண்டியதில்லை. பிற்கால மேடையமைதிக்கு இப்பயிற்சியே அடித்தளம் எனக் கொள்ளலாம்.

முதல் மேடை எதிர்பாராது வாய்த்தது. சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தாயின் கச்சேரி நடந்துகொண்டிருக்க, மண்ணில் விளையாடிய சிறுமியை அழைத்துவந்து பாடச் செய்தனர். அவையைக் கண்டு அஞ்சும் வயது அன்று அது. 1926இல், பத்து வயதளவில், இசைத்தட்டுக்குப் பாடினார். அங்குக் கேட்போர் முகமே இல்லை. கூச்சம் பின்னரே வந்தது, முற்றிலும் நீங்கவுமில்லை.

அக்கூச்சத்தைத் தனிமனித இயல்பாக மட்டும் கருதுவது பொருந்தாது. இசையை மரபுத் தொழிலாகக் கொண்ட குடும்பப் பெண்கள் சபா மேடைக்கு வந்தபோது, அவர்களது பாட்டோடு உடலும் பார்வைக்குள்ளானது. அந்நிலையில் அசைவைக் குறைத்தல் கலைத்தேர்வாகவும் காப்பாகவும் அமைந்திருத்தல் கூடும்.

1936இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். சேவாசதனம் (1938), சகுந்தலை (1940), மீரா (1945) ஆகிய படங்களில் நடித்தார். சாவித்திரியில் (1941) நாரதராக ஆண்வேடமும் ஏற்றார். நடிப்புக் கற்ற பின்னரும் கச்சேரியில் அதனைக் காட்டாதிருந்தமை குறிக்கத்தக்கது. 1940இல் மணந்த சதாசிவம் பாடல்களின் தேர்வையும் வரிசையையும் திட்டமிட்டார். பக்தைக்குரிய பொதுத்தோற்றம் அதன்பின் வலுப்பெற, வீணை ஒலித்த வீடு வரலாற்றில் பின்தள்ளப்பட்டது. எடின்பரோ விழாவிலும் (1963) ஐக்கிய நாடுகள் அவையிலும் (1966) மொழியறியாதோர்முன் அதே அமைதியுடன் பாடினார். 1968இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற்பெண் ஆனார்.

திருமணத்திற்குப் பின்னும் அவரது முதலெழுத்துகள் மாறவில்லை. எம் என்பது மதுரை. எஸ் என்பது சண்முகவடிவு.