விசிறி செதுக்கிய வில்பர் ரைட்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இயந்திர விமானத்தில் முதன்முதலாகப் பறந்தவர்கள் யார் என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் ரைட் சகோதரர்கள் என்று சொல்லிவிடுவான். அந்த விமானத்தைத் தள்ளிச் சென்ற விசிறி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பட்டம் பெறப் போகும் நாமும் சற்றுத் தயங்குவோம். புரொப்பெல்லர் எனப்படும் அந்த உந்து விசிறியின் கதையில்தான் மூத்தவரான வில்பர் ரைட்டின் அறிவும் உழைப்பும் நேர்மையும் நன்கு விளங்குகின்றன. ஆகவே அவருடைய வாழ்க்கையை அந்த விசிறியின் வழியாகவே சொல்ல முற்படுகிறேன்.

இளமையும் இழப்பும்

வில்பர் 1867 ஏப்ரல் 16-ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்வில் என்ற சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தை மில்டன் கிறித்தவ மத குரு. தாய் சூசன் வண்டி செய்பவர் ஒருவரின் மகள். வீட்டுச் சாமான்களையும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களையும் தம் கையாலேயே செய்ய வல்லவர். தம்பி ஆர்வில் 1871-இல் பிறந்தார். 1878-இல் வெளியூர் சென்று திரும்பிய தந்தை, முறுக்கிய ரப்பரின் விசையால் மேலே எழும்பும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார. அது உடையும் வரை விளையாடிய பிள்ளைகள் பிறகு அதுபோலத் தாங்களே செய்து பார்த்தனர்.

வில்பர் படிப்பில் சூட்டிகையானவர். அவரை யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு இருந்தது. ஆனால் 1885-86 குளிர்காலத்தில், பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கி ஆட்டத்தில் மட்டை முகத்தில் பட்டு அவருடைய முன்பற்கள் போயின. உடலும் மனமும் தளர்ந்தன. கல்லூரிக் கனவு கலைந்தது. காசநோயால் வாடிய தாயை, அவர் 1889-இல் மறையும் வரை வில்பரே உடனிருந்து கவனித்தார். எஞ்சிய நேரம் தந்தையின் புத்தக அலமாரியோடு கழிந்தது. பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் குடும்பம் டேட்டன் நகருக்குக் குடிபெயர்ந்ததால், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூட அவர் கைக்கு வரவில்லை.

அட்டவணையில் ஐயம்

1892-இல் சகோதரர்கள் இருவரும் டேட்டனில் மிதிவண்டிக் கடை தொடங்கினர். கிளைடர் எனப்படும் சறுக்கு விமானத்தில் பறந்து வந்த ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால் 1896-இல் கீழே விழுந்து இறந்தார். அச்செய்தி அவர்களுடைய பழைய ஆவலைக் கிளறிவிட்டது. கடையில் வந்த வருமானத்தைக் கொண்டே 1900-லும் 1901-லும் கிளைடர் செய்து, வட கரோலினாவில் கிட்டி ஹாக் கடற்கரை மணலில் ஓட்டிப் பார்த்தனர்.

கணக்குப்படி கிடைக்க வேண்டிய தூக்குவிசை கிடைக்கவில்லை. வில்பர் மனம் உடைந்தார், ஆனால் ஓய்ந்துவிடவில்லை. ஸ்மீட்டன் என்ற பொறியாளர் பெயரால் நூறாண்டுக்கு மேலாகப் புத்தகங்களில் வழங்கிவந்த காற்றழுத்த மாறிலி 0.005. இவர்கள் அளவுப்படி அது ஏறத்தாழ 0.0033-தான். அச்சில் வந்ததை நம்புவதா, தாம் அளந்ததை நம்புவதா? வில்பர் அளந்ததை நம்பினார். கடைக்குள்ளேயே ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றில் விசிறியால் காற்றைச் செலுத்தி, மிதிவண்டிக் கம்பியாலும் பழைய ரம்பத் தகட்டாலும் தராசு அமைத்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சோதித்தனர். அந்த அளவுகளைக் கொண்டு செய்த 1902-ஆம் ஆண்டுக் கிளைடர் சொன்னபடி பறந்தது.

நூலகத்தில் இல்லாத விடை

இனி வேண்டியவை என்ஜினும் உந்து விசிறியும். தேவையான எடைக்குள் என்ஜின் செய்து தர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. கடைத் தொழிலாளி சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து முடித்தார். அதன் திறன் சுமார் 12 குதிரைத் திறன்.

விசிறிதான் பெருஞ்சிக்கலாயிற்று. இன்று வீட்டிலேயே சிறு விமானம் கட்டுபவர், விசிறியின் விட்டம், புரியிடை ஆகிய இரண்டு எண்களைப் பார்த்துத் தம் என்ஜினுக்கு ஏற்றதை வாங்குகிறார். மரையாணி ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் முன்னேறும் என்பதுபோல, விசிறி ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரமே புரியிடை. அது குறைவாக இருந்தால் விமானம் எளிதில் மேலேறும். மிகுதியாக இருந்தால் மட்டப் பறத்தலில் வேகம் கிடைக்கும். ஏற்காட்டு மலைப்பாதையில் பேருந்து ஓட்டுநர் எந்தக் கியரில் ஏறுகிறார், ஓமலூர் சாலையில் எந்தக் கியரில் ஓட்டுகிறார் என்று கவனித்தவர்க்கு இது எளிதில் விளங்கும்.

1903-இல் அவ்வாறு தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. கப்பல் விசிறிக்குக் கணக்கு இருக்கும், அதை மாற்றிக்கொள்ளலாம் என்று சகோதரர்கள் நூலகத்துக்குச் சென்றனர். கப்பல் பொறியாளர்களோ செய்து பார்த்துத் திருத்தும் முறையிலேயே காலம் தள்ளியிருந்தனர். தண்ணீரில் அது போதும். வீணாகும் திறனுக்குப் பெரிய என்ஜின் ஈடு கொடுக்கும். 12 குதிரைத் திறனை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அது கட்டாது.

அப்போதுதான் அவர்களுக்குப் புதிய எண்ணம் தோன்றியது. விசிறி காற்றைத் துளைக்கும் திருகு அன்று. அது வட்டத்தில் ஓடும் சிறகு. அப்படியானால் மரப்பெட்டியில் எடுத்த அளவுகள் இதற்கும் பொருந்தும். ஆனால் விசிறியின் இதழ் நகர்கிறது, விமானம் நகர்கிறது, காற்றும் நகர்கிறது. எதை நிலையாகக் கொண்டு கணக்கைத் தொடங்குவது? அண்ணனும் தம்பியும் இரவு வெகுநேரம் உரத்த குரலில் வாதிடுவார்கள். இறுதியில் அண்ணன் தம்பியின் கட்சிக்கும் தம்பி அண்ணனின் கட்சிக்கும் மாறியிருப்பார்கள்! குறிப்பேடுகள் கணக்குகளால் நிரம்பின.

அவர்கள் கண்ட முடிவு நம் பாடப் புத்தகத்துக்கும் பொருந்துவது. தள்ளுவிசை காற்றின் நிறையையும் அதற்குக் கொடுக்கும் வேகத்தையும் பெருக்கியதற்கு ஏற்ப அமைகிறது. செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ஆகவே சிறிதளவு காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடப் பேரளவு காற்றை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். எனவே எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு விசிறிகளை அமைத்து, மிதிவண்டிச் சங்கிலி போன்ற சங்கிலிகளால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று மட்டுமே சுழலச் செய்தனர். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றதால், ஒன்றின் முறுக்கை மற்றொன்று ஈடு செய்தது. ஸ்புரூஸ் மரப்பலகைகளை ஒட்டி, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் செதுக்கினர். அச்சு ஒத்த விசிறிகளைப் பிற்காலத்தில் சோதித்தவர்கள் அவற்றின் பயனுறுதிறன் சுமார் 75 விழுக்காடு என்று கண்டனர். நூறாண்டு கடந்த இன்றைய நல்ல மர விசிறிகூட இதைவிட வெகுவாக முன்னேறிவிடவில்லை.

கிட்டி ஹாக்

1903 நவம்பரில் முதல் ஓட்டத்திலேயே விசிறித் தண்டுகள் பழுதாயின. டேட்டனுக்கு அனுப்பிப் பலப்படுத்தி வந்ததும் மீண்டும் ஒன்றில் விரிசல் கண்டது. ஆர்வில் ஊருக்கு ஓடி, திண்மையான எஃகுத் தண்டுகள் செய்துகொண்டு டிசம்பர் 11-இல் திரும்பினார். இதற்கிடையே விமானத்தின் எடை திட்டமிட்டதைவிடக் கூடிவிட்டது. 90 பவுண்டு தள்ளுவிசை போதும் என்று முதலில் கணக்கிட்டிருந்தனர். மணல் நிரப்பிய பெட்டியைக் கயிற்றில் கட்டி அளந்தபோது விசிறிகள் 130 பவுண்டுக்கு மேல் தருவதைக் கண்டனர். கவலை நீங்கியது.

டிசம்பர் 17-ஆம் நாள் ஆர்வில் 12 விநாடியில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார்.

புகழும் துயரும்

1908 ஆகஸ்டில் வில்பர் பிரான்சில் லெ மான் அருகே பறந்து காட்டியபோது ஐரோப்பா வியந்தது. அங்கு அவர் புகழோடு இருக்கையிலேயே பேரிடி விழுந்தது. செப்டம்பர் 17-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய விமானத்தில் விசிறி இதழ் ஒன்று பிளந்து, அதிர்ந்து, வால் பகுதியின் கம்பியை அறுத்தது. உடன் பறந்த ராணுவ அதிகாரி செல்ஃபிரிட்ஜ் உயிரிழந்தார். ஆர்வில் எலும்பு முறிந்து கிடந்தார். எந்த விசிறி புகழ் தந்ததோ அதுவே உயிரையும் வாங்கியது. தாம் உடனிருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று வில்பர் வருந்தினார். பழுதின் காரணத்தை ஆராய்ந்து திருத்திய பின்னரே சகோதரர்கள் 1909-இல் அதே இடத்தில் மீண்டும் பறந்து காட்டினர்.

1909 ஜூலையில் பிரெஞ்சுக்காரர் பிளெரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அந்த ஊக்கத்தால் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே விமானம் வகுத்து, சிம்சன் கம்பெனிப் பட்டறையில் செய்வித்து, 1910-இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மிதிவண்டிக் கடையில் தொடங்கிய துணிவு ஏழே ஆண்டுகளில் நம் மண்ணையும் தொட்டது.

வில்பர் காப்புரிமை வழக்குகளில் அலைந்து களைத்தார். 1912 மே 30-இல், தமது 45-ஆம் வயதில், நச்சுக் காய்ச்சலால் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

நமக்கு

என் தந்தையார் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். அவர் வெள்ளியை நிறுத்து வாங்கி, கொலுசை நிறுத்துக் கொடுப்பார். சேதாரம் எவ்வளவோ அதை உள்ளபடி சொல்லிவிடுவார். அதனால் கூலி குறைந்த நாளும் உண்டு.

முதலாண்டில் நான் தனி ஊசல் சோதனை செய்தேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்பது தெரியும். வந்தது 9.3. இரண்டு அளவுகளை மாற்றி எழுதி 9.8 வரவழைத்தேன். மதிப்பெண்ணும் கிடைத்தது. வில்பரின் வரலாற்றைப் படித்தபோது அந்தப் பதிவேடு என் கண்முன் வந்து நின்றது. கல்லூரியைக் காணாதவர் தாம் அளந்ததை மாற்றவில்லை. கல்லூரிக்கு வந்த நான் மாற்றினேன்.

இந்த ஆண்டு ஓய்வு நேரத்தில் அனுமதி பெற்று அதே சோதனையை மீண்டும் செய்தேன். நூலின் நீளத்தைக் குண்டின் மேல்முனை வரை மட்டும் அளந்து, அதன் ஆரத்தைச் சேர்க்காமல் விட்டது தெரிந்தது. முதலாண்டிலேயே 9.3 என்று எழுதியிருந்தால் ஆசிரியர் ஏன் என்று கேட்டிருப்பார், அன்றே கற்றிருப்பேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். விடை தெரிந்த கணக்கைப் போட மட்டும் நம்மை அனுப்பவில்லை. வருவது எதுவாயினும் வந்ததை எழுதுவோம்.