கந்தன் தந்த முதல் விருது

வேலும் மயிலும் துணை!

நண்பர்களே, வேலையில சேர்ந்து ரெண்டு வருஷத்துல பேர் வரலைன்னா நாம சோர்ந்து போயிடுறோம். அப்போ எனக்கு ஞாபகம் வர்றவர் கே.வி.மகாதேவன்.

1918-ல் நாகர்கோவில் பக்கம் கிருஷ்ணன்கோவில்ல பிறந்தவர். 1942-ல் 'மனோன்மணி' படம் மூலமா திரையிசைக்கு வந்தார். பெரும்பாலும் பாட்டு வரியைக் கையில வாங்கின பிறகுதான் மெட்டு போடுவார். சொல்லுக்கு அவ்வளவு மரியாதை! சும்மா காத்திருக்கலை, படம் படமா உழைச்சார். 1965-ல் 'திருவிளையாடல்' வந்தது.

சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலா 1967-ம் வருஷப் படத்துக்குக் கொடுத்தாங்க. வாங்கினவர் இவர்தான். படம்? நம்ம முருகனோட 'கந்தன் கருணை'! தொடங்கி 25 வருஷம் கழிச்சு.

உழைப்பை விடாதீங்க, அவன் பார்த்துக்குவான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!