சாஸ்திரியும் எங்க தாத்தாவும்



லால் பகதூர் சாஸ்திரி 1904-ல் முகல்சராயில் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஒன்றரை வயதிலேயே தந்தையை இழந்தார். 1956-ல் அரியலூர் ரயில் விபத்துக்குத் தானே பொறுப்பேற்று, ரயில்வே மந்திரி பதவியைத் துறந்தார்.

1964-ல் பிரதமரானவர், அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் ஒப்பந்தம் போட்டார். நாடற்றிருந்த சுமார் 9,75,000 மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதியை 1974-ல் பாதிப் பாதியாக்கினார்கள். கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஜனங்களை யாரும் கேட்கலை.

அந்தக் கணக்கில் ஒருத்தர் எங்க தாத்தா. கண்டிப் பக்கம் பிறந்தவர், என் வயசில் தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரியில் கவாத்து வெட்டினார். எங்க குடும்பத்தில் முதல் டிப்ளமோ நான்தான்.

1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி காலமானார். அவருடைய நேர்மையை வணங்குகிறேன். ஆனா, ரயில் பயணிகளுக்காகப் பதவியையே விட்டவர், எங்க தாத்தாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!