நால்வரோடு தொடங்கிய தொண்டு: போல் ஹரிஸ் வரலாறு

ஒரு சங்கத்தை ஆரம்பிப்பது அத்துணை கடினமான காரியம் அன்று. முதற் கூட்டத்துக்கு மண்டபம் நிறைய மக்கள் வருவர், யாப்பு எழுதப்படும், தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோர் தெரிவு செய்யப்படுவர். மூன்றாம் ஆண்டு வந்ததும் பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்ப்பதற்காகக் காரியதரிசி வீடு வீடாக ஏறி இறங்க நேரிடும். நம் ஊர்களிலே நாம் பலமுறை கண்ட காட்சி இது. மூத்த அன்பர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மாற்று யாது என்று ஆராயுமிடத்து, றோட்டரி இயக்கத்தைத் தோற்றுவித்த போல் ஹரிஸ் அவர்களின் வாழ்க்கை எமக்கு நல்லதொரு விளக்கமாக அமைகின்றது. அவர் நம் நாட்டவர் அல்லர்; நம் சமயத்தவரும் அல்லர். ஆயினும், நால்வர் கூடிய ஒரு சிறு கூட்டத்தை அவர் வளர்த்தெடுத்த முறை எந்தச் சங்கத்துக்கும் பொருந்துவதாகும்.

போல் ஹரிஸ் 1868ஆம் ஆண்டு சித்திரை மாதம் 19ஆம் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கொன்சின் மாநிலத்து றசீன் நகரிற் பிறந்தார். தந்தையாரின் வியாபாரம் நொடித்துப் போனமையால், மூன்று வயதிலேயே வேர்மொன்ட் மாநிலத்தில் வோலிங்போர்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தந்தைவழிப் பாட்டனார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மலைகள் சூழ்ந்த அவ்வூரில் ஒருவரை ஒருவர் அறியாதார் இல்லை. பாட்டனாரும் பாட்டியாரும் சிக்கனமும் ஒழுங்கும் மிக்கவர்கள். அயலவருக்கு உதவுவது தனியொரு தருமமாக அன்றி அன்றாட வழக்கமாக இருந்த அச்சூழலிலே அவர் வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் கட்டியெழுப்பிய அனைத்துக்கும் அந்தச் சிற்றூரே அடித்தளமாயிற்று.

இளமையில் அவர் அடக்கமான பிள்ளையாக இருந்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். லட்லோ என்னும் ஊரிலிருந்த பாடசாலையிலிருந்து குறும்பு காரணமாக நீக்கப்பட்டார். வேர்மொன்ட் பல்கலைக்கழகமும் அவரை 1886இல் விலக்கியது. அதே பல்கலைக்கழகம் 1933இல் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிப் பெருமைப்படுத்தியது என்பதை, பிள்ளைகளின் பிழைகளைக் கண்டு மனம் தளரும் பெற்றோர் கவனிக்க வேண்டும். பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். 1888இல் பாட்டனார் காலமானதும் அப்படிப்பும் நின்றது. சலவைக்கல் நிறுவனமொன்றிற் சிறிது காலம் ஊழியம் செய்தபின், அயோவா பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று 1891இற் பட்டம் பெற்றார்.

சட்டத்தரணியாகத் தொழில் தொடங்க வேண்டிய அவ்வேளையில் அவர் வேறொரு முடிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் உலகைச் சுற்றி மனிதரை அறிந்தபின்பே ஓரிடத்தில் அமர்வது என்பதே அது. பத்திரிகை நிருபர், ஆசிரியர், நாடக நடிகர், மாடு மேய்ப்பவர், விடுதியின் இராக்கால எழுதுவினைஞர், சலவைக்கல் விற்பனையாளர் எனப் பல வேலைகளைச் செய்தார். மாடுகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஊழியனாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்துக்கும் சென்றார். தாம் குறித்த ஐந்து ஆண்டுகள் நிறைந்ததும், 1896இல் சிக்காகோ மாநகரில் அலுவலகம் அமைத்து வழக்குத் தொழிலைத் தொடங்கினார். சுவாமி விவேகானந்தர் 1893இற் சர்வமத மகாசபையிலே பேசியதால் நாம் நன்கறிந்த நகரம் அது.

தொழில் வளர்ந்தது, மனம் நிறையவில்லை. வார நாட்களில் நூற்றுக்கணக்கானோரைச் சந்தித்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் பேசுவதற்கு ஒருவரும் இல்லை. கிராமத்திலிருந்து கொழும்புக்கு உத்தியோகம் பார்க்கச் சென்று, விடுதி அறையில் தனித்திருந்தவர்களுக்கு அந்நிலை புரியும். 1900ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, நகரின் புறத்தே வாழ்ந்த சட்டத்தரணி நண்பர் ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்தார். விருந்தின்பின் இருவரும் வீதியில் உலாவச் சென்றனர். அந்நண்பர் ஒவ்வொரு கடையிலும் நின்று, கடைக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து, ஹரிஸை அறிமுகம் செய்து வைத்தார். பெருநகரின் நடுவிலும் ஒரு வோலிங்போர்ட்டை உண்டாக்கலாம் என்ற எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது. அவ்வெண்ணத்தை ஐந்து ஆண்டுகள் மனத்தில் வைத்து ஆராய்ந்த பின்பே அவர் செயலில் இறங்கினார்.

1905ஆம் ஆண்டு மாசி மாதம் 23ஆம் திகதி இரவு, யூனிற்றிக் கட்டிடத்தின் 711ஆம் இலக்க அறையில் நால்வர் கூடினர். நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, சுரங்கப் பொறியியலாளர் கஸ்டேவஸ் லோயர், தையற்கடை உரிமையாளர் ஹிராம் ஷோரி, சட்டத்தரணி ஹரிஸ் என்போரே அந்நால்வர். ஒவ்வொரு முறையும் ஓர் அங்கத்தவரின் தொழிலகத்திற் கூடுவதென்றும், ஒரு தொழிலுக்கு ஒருவரையே சேர்ப்பதென்றும் ஏற்பாடாயிற்று. கூட்டம் சுழன்று வந்தமையாலேயே றோட்டரி என்ற பெயர் உண்டாயிற்று. தொழிலுக்கு ஒருவர் என்ற விதியால் தொழிற்போட்டி உள்ளே நுழையவில்லை. புதிய தொழிலைச் சேர்ந்த ஒருவரைத் தேடும் வேலையும் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் இருந்தது. சில நாட்களில் ஹரி றகிள்ஸ் என்னும் அச்சகத்தார் சேர்ந்து, கூட்டங்களிற் பாட்டுப் பாடும் வழக்கத்தைத் தொடக்கினார். அவ்வாண்டு முடிவதற்குள் அங்கத்தவர் தொகை சுமார் 30 ஆயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணத்தைத் தந்தவர் ஹரிஸ்; முதற் தலைவராக அமர்ந்தவரோ ஷீலி. தமக்குப் பதவி வேண்டுமென்று ஹரிஸ் அவசரப்படவில்லை.

ஆயினும், கழகத்தின் உள்ளே ஒரு நோய் இருந்தது. தொடக்கத்தில் அதன் நோக்கங்கள் இரண்டே: அங்கத்தவரின் வியாபார நலன், அவர்களிடையே நட்பு. ஒருவருக்கு ஒருவர் எவ்வளவு வியாபாரம் கொடுத்தனர் என்பதைப் பதிவு செய்வதற்கே ஓர் உத்தியோகத்தர் இருந்தார். 1906இல் டொனால்ட் காட்டர் என்னும் சட்டத்தரணியைச் சேருமாறு அழைத்தபோது, தம் அங்கத்தவருக்கு மட்டுமே பயன்படும் கழகம் நிலைக்காது என்று அவர் மறுத்துவிட்டார். இப்படி ஒருவர் குறை கூறினால், நாம் அவரைப் பகைவராகக் கருதி விலக்கிவிடுவோம். சிக்காகோக் கழகத்தார் அவ்வாறு செய்யவில்லை. அவர் விரும்பும் திருத்தத்தை அவரையே எழுதித் தருமாறு கேட்டனர். நகரத்தின் நன்மைக்காக உழைப்பது என்னும் மூன்றாவது நோக்கம் அவ்விதம் சேர்ந்தது, காட்டரும் அங்கத்தவரானார். ஹரிஸின் சிந்தனையையும் அந்நிகழ்ச்சி திருப்பிவிட்டது.

1907இல் ஹரிஸ் கழகத்தின் தலைவரானார். பதவி ஏற்றபோது அவர் மூன்று குறிக்கோள்களை வகுத்துக்கொண்டார். சிக்காகோக் கழகத்தின் அங்கத்தவரைப் பெருக்குவது முதலாவது. இயக்கத்தைப் பிற நகரங்களுக்குப் பரப்புவது இரண்டாவது. பொதுத்தொண்டைக் கழகத்தின் நோக்கங்களுள் உறுதியாக நாட்டுவது மூன்றாவது. ஒன்று மற்றொன்றைத் தாங்கும்படி அமைந்தவை இவை. தொண்டு இல்லையேல் வந்தவர் நிலையார். அங்கத்தவர் பெருகாவிடில் தொண்டுக்குக் கை போதாது.

தொண்டுக்கு அவர்கள் எடுத்த முதற் பெருங் காரியம் யாது என்று கேட்பவர்கள் வியப்படைவர். அது நகர மண்டபத்தின் அருகே ஒரு பொது மலசலகூடம்! அக்காலத்திலே நகரத்தின் நடுப்பகுதிக்கு வருவோர், அவ்வசதிக்காக மதுக்கடைக்குள்ளோ பெருங் கடைகளுக்குள்ளோதான் புக வேண்டியிருந்தது. உள்ளே புகுந்தவர் ஏதேனும் வாங்காமற் போவது அரிது. ஆகவே மது உற்பத்தியாளரும் பெருங் கடைக்காரரும் திட்டத்தை எதிர்த்தனர். றோட்டரியார் நகரிலுள்ள பல சங்கங்களையும் தம்முடன் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விடாது உழைத்து, அதை நிறைவேற்றினர். பெயர் பொறித்த வளைவு கட்டுவதை விட்டு, ஏழைக்கும் செல்வருக்கும் ஒருங்கே தேவையான ஒன்றை அவர்கள் தெரிந்தெடுத்தமை எம் சிந்தனைக்குரியது.

இரண்டாவது குறிக்கோளே அவருக்குப் பெருஞ் சோதனையாயிற்று. தம் நகரக் கழகம் இனிதே நடக்கும்போது, பிற நகரங்களுக்காகப் பொழுதையும் பொருளையும் செலவிடுவானேன் என்று அங்கத்தவர் பலர் கருதினர். ஹரிஸ் அவர்களோடு பகைக்கவில்லை. தம் எண்ணத்தைக் கைவிடவும் இல்லை. ஐந்து ஆண்டு அலைச்சலிலே தேடிய நண்பர்கள் பல நகரங்களில் இருந்தனர். அவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். 1908இல் தொழில் நிமித்தம் சான்பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற மனுவல் முனியோஸ் என்னும் அங்கத்தவரிடம் இப்பணியை ஒப்படைத்தார். முனியோஸ் அங்கே ஹோமர் வூட் என்னும் சட்டத்தரணியைக் கண்டு பேசினார். அவ்வாண்டு கார்த்திகை 12ஆம் திகதி இரண்டாவது கழகம் உதயமாயிற்று. வூட்டும் அவருடைய நண்பர்களும் ஓக்லாந்து, சியாட்டில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரங்களில் 1909இற் கழகங்கள் தோன்ற வழிசெய்தனர். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது போல இது நடந்தது.

இதற்கிடையில் 1908இலேயே ஹரிஸ் சிக்காகோக் கழகத் தலைமையிலிருந்து விலகினார். றகிள்ஸ் அப்பதவிக்கு வந்தார். பதவி போனதும் பணியும் போயிற்று என்று அவர் வீட்டிலே இருந்துவிடவில்லை. பிற நகரங்களுக்குப் பரப்புவதை முதலில் எதிர்த்தவர்களுள் ஒருவரான செஸ்லி பெரி, அவருடைய வலக்கரமாக மாறினார். 1910 ஆவணியில் 16 கழகங்களின் பிரதிநிதிகள் சிக்காகோவிலே கூடித் தேசிய சங்கம் அமைத்தபோது, ஹரிஸ் தலைவரானார், பெரி காரியதரிசியானார். பெரி 1942 வரை அப்பதவியில் இருந்து உழைத்தார். எதிர்த்தவரைத் தோற்கடிப்பதிலும் பார்க்க அவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது எத்துணை பயன் தரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அதே 1910இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்த ஜீன் தொம்சன் அம்மையாரை மணந்தார். நடைப்பயணம் ஒன்றிலே முட்கம்பியிற் கிழிந்த அவருடைய மேலங்கியைத் தைத்துத் தர முன்வந்தவர் அவ்வம்மையார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. 1912இல், கழகங்கள் சுமார் 50 ஆகி, கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து வரை இயக்கம் பரவிய நிலையிலே, ஹரிஸ் தலைமையைப் பிறரிடம் கொடுத்துவிட்டார். உடல்நலக் குறைவும் அதற்கு ஒரு காரணம். பின்னர் கௌரவத் தலைவராகப் பல நாடுகளுக்குச் சென்று, சென்ற இடங்களிலே நட்பின் அடையாளமாக மரங்கள் நாட்டினார்.

நம் நாட்டுக்கும் அவ்விளக்கு வந்து சேர்ந்தது. ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் கனடாவாசி 1928 முதல் 1931 வரை ஆசிய நாடுகளிலே யாத்திரை செய்து கழகங்களை அமைத்தார். அவற்றுள் ஒன்றாகக் கொழும்பு றோட்டரிக் கழகம் 1929இல் ஆரம்பமாயிற்று. 2015-16ஆம் ஆண்டில் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். இரவீந்திரன் அவர்கள் உலக றோட்டரியின் தலைவராக விளங்கினார். அவ்வியக்கம் 1985இல் மேற்கொண்ட இளம்பிள்ளை வாத ஒழிப்புப் பணியில் நம் நாட்டு அங்கத்தவர்களும் உழைத்தனர். 1990களில், போர் நடந்த பகுதிகளிலும் தடுப்பு மருந்து வழங்கும் நாட்களிலே துப்பாக்கிகள் ஓய்ந்திருந்ததை மூத்தவர்கள் நினைவுகூர்வர். இந்நாட்டில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1993இல் ஆகும்.

ஒரு குறையையும் மறைக்காது சொல்ல வேண்டும். ஹரிஸ் அமைத்த கழகம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்த பின்னர், 1989இலேயே அவ்விதி உலகெங்கும் நீக்கப்பட்டது. பாதி மக்களை வாசலில் நிறுத்திவிட்டு அங்கத்தவர் தொகை போதவில்லை என்று வருந்துவது தகாது. இது எமக்கும் பொருந்தும்.

1947 தை மாதம் 27ஆம் திகதி, 78ஆவது வயதில், போல் ஹரிஸ் சிக்காகோவிற் காலமானார். தம் இறுதிச் சடங்குக்கு மலர்கள் வேண்டாம், அப்பணத்தை றோட்டரி அறநிதிக்குக் கொடுங்கள் என்பதே அவர் விருப்பம். அவ்வாறு வந்து குவிந்த நன்கொடைகளால் அறநிதி வலுப்பெற்றது. அவ்வாண்டிலேயே 18 மாணவர்கள் வெளிநாடுகளில் உயர்கல்வி பயில உதவி பெற்றனர். முதற் கூட்டத்தில் உடனிருந்த நண்பர் ஷீலியின் கல்லறைக்கு அருகிலே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்பர்களே, இவ்வரலாற்றைப் படித்துவிட்டு மலரை மூடி வைப்பதிற் பயனில்லை. இவ்வாண்டுக் குழுவினர் பதினைந்து தீர்மானங்கள் எழுதாமல் மூன்றை மட்டும் எழுதுவோமாக. ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவோமாக. நம் சங்கத்திலே கமக்காரர் உளரா, தாதியர் உளரா, தச்சர் உளரா, கடைக்காரர் உளரா என்று பட்டியல் இட்டுப் பார்த்து, இல்லாதவரைத் தேடிச் சென்று அழைப்போமாக. அழைத்தபோது வர மறுத்தவர் சொல்லும் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்வோமாக. நமக்கு ஒரு டொனால்ட் காட்டர் அவர்களுள் இருக்கக்கூடும். அவ்வாறு செய்தால், அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கோரம் சேர்ப்பதற்காக நம் காரியதரிசி வீடு வீடாகச் செல்ல வேண்டியிராது.