ஊடுகதிர் கண்ட உத்தமர் ரோண்ட்கன்

மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட சிறுவனையோ, ஓயாத இருமலால் வாடும் முதியவரையோ மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், எக்ஸ்ரே படம் எடுத்து வருமாறு மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுப்பார். கத்தி படாமல், ஒரு துளி குருதியும் சிந்தாமல், உடலின் உட்புறத்தை அப்படம் காட்டிவிடுகிறது. இதற்குத் துணையாகும் ஊடுகதிரை உலகுக்குக் கண்டளித்தவர், ஒரு காலத்தில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாணவர் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்தாம் வில்ஹெல்ம் கொன்ராட் ரோண்ட்கன்.

ரோண்ட்கன் 1845ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், இன்றைய ஜெர்மனியிலுள்ள லென்னெப் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் துணி வணிகர். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் நெதர்லாந்து நாட்டின் அபெல்டோர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவர் படிப்பில் சிறந்து விளங்கியவர் அல்லர். காடுமேடுகளில் சுற்றித் திரிவதும், கையால் சிறு கருவிகளைச் செய்து பார்ப்பதுமே அவருக்குப் பிடித்தமானவை.

பின்னர் உட்ரெக்ட் நகரிலிருந்த தொழில்நுட்பப் பள்ளியில் அவர் பயின்றார். அங்கே ஒரு நாள், உடன் பயின்ற மாணவன் ஒருவன் ஆசிரியரைக் கேலி செய்து படம் வரைந்துவிட்டான். வரைந்தவன் யார் என்பதைச் சொல்லுமாறு ரோண்ட்கனை வற்புறுத்தினர். அவர் நண்பனைக் காட்டிக் கொடுக்க மறுத்தார். செய்யாத குற்றத்திற்காகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவில்லை. சான்றிதழ் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகத்தில் முறையான இடம் ஏது?

எனினும் அவர் மனம் தளரவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்லூரி, அச்சான்றிதழ் இல்லாதவரையும் சேர்த்துக்கொள்ளும் என்று அறிந்து, 1865ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்து இயந்திரப் பொறியியல் பயின்றார். 1869ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பேராசிரியர் குண்ட் என்பார் அவருடைய திறமையை உணர்ந்து, அவரை இயற்பியல் துறைக்கு வழிப்படுத்தினார். குண்ட் ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, ரோண்ட்கனும் அவருக்கு உதவியாளராக உடன் சென்றார். ஆனால், பழைய பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பதைக் காரணம் காட்டி, அப்பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரையாளர் தகுதி வழங்க மறுத்துவிட்டது. குருவும் சீடரும் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றனர். 1874ஆம் ஆண்டில் அங்கே ரோண்ட்கன் விரிவுரையாளரானார். ஆண்டுகள் உருண்டோடின. அவரை மறுத்த அதே வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1888ஆம் ஆண்டில் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894ஆம் ஆண்டில் தன் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மாலை நேரம். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் மின்சாரத்தைச் செலுத்தி, ரோண்ட்கன் தனியே ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். அறை இருளாக இருந்தது. ஒளி சிறிதும் வெளிவராதபடி, குழாய் கறுப்பு அட்டையால் மூடப்பட்டிருந்தது. ஆயினும் சற்றுத் தொலைவில், பேரியம் பிளாட்டினோசயனைடு என்னும் இரசாயனம் பூசப்பட்ட திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அட்டையை ஊடுருவி வருகிறது என்பதை அவர் உணர்ந்தார்.

அவர் உடனே ஊரைக் கூட்டி அறிவிக்கவில்லை. ஏழு வாரங்கள் ஆய்வுக்கூடத்திலேயே உண்டு உறங்கி, மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்த்தார். ஆயிரம் பக்க நூலையும் மரப்பலகையையும் அக்கதிர் ஊடுருவியது. ஈயத்தகடு அதனைத் தடுத்து நிறுத்தியது. கதிரின் முன் கையை நீட்டியபோது, கையின் மங்கலான நிழலுக்குள் எலும்புகளின் கருநிழல் திரையில் தெரிந்தது. கணக்கில் தெரியாத எண்ணை எக்ஸ் என்று குறிப்பது வழக்கமல்லவா? அதுபோலவே, இயல்பு அறியப்படாத அக்கதிருக்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். டிசம்பர் 22ஆம் நாள், தம் மனைவி பெர்த்தா அம்மையாரின் கையைப் படமெடுத்தார். அதற்குச் சுமார் 15 நிமிடங்கள் ஆயின. விரல் எலும்புகளும், அவற்றின்மேல் மோதிரமும் அப்படத்தில் தெளிவாகப் பதிந்திருந்தன.

தோலும் தசையும் இக்கதிரைப் பெரும்பாலும் ஊடுருவ விடுகின்றன. சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு அதனை மிகுதியாகத் தடுக்கிறது. அந்த நிழலே எக்ஸ்ரே படம். டிசம்பர் 28ஆம் நாள் ரோண்ட்கன் தம் ஆய்வுக் கட்டுரையை அளித்தார். செய்தி சில நாள்களில் உலகெங்கும் பரவியது. 1896ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள், முறிந்த எலும்பையும் உடலில் தைத்த ஊசியையும் இக்கதிரின் துணைகொண்டு காணத் தொடங்கினர்.

ரோண்ட்கன் விரும்பியிருந்தால் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றுப் பெருஞ்செல்வராகியிருக்கலாம். அது மனித குலம் முழுமைக்கும் உரியது என்று கருதி, அவர் காப்புரிமை பெறவில்லை. 1901ஆம் ஆண்டில், இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. அப்பரிசுத் தொகையை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே ஈந்தார். பிரபுப் பட்டத்தையும் மறுத்துவிட்டார். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்தபோது, அவருடைய சேமிப்பும் கரைந்தது. 1919ஆம் ஆண்டில் மனைவியார் மறைந்தார். 1923ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், மியூனிக் நகரில் குடற்புற்று நோயால் ரோண்ட்கன் காலமானார்.

இக்கதிரின் தீங்கை அறியாமல் பயன்படுத்திய தொடக்ககால மருத்துவர்களும் பணியாளர்களும் பலர், கைகள் புண்ணாகி உயிரையும் இழந்தனர். அவர்கள் பட்ட துன்பமே இன்றைய பாதுகாப்பு முறைகளுக்குப் பாடமாயிற்று. படமெடுப்பவர் தடுப்புச் சுவருக்குப் பின்னே நிற்பதும், கருவுற்ற தாய்மார் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் இதனாலேயே. 1971ஆம் ஆண்டில், ஹவுன்ஸ்ஃபீல்ட் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய கருவியால் இலண்டனில் ஒரு நோயாளியின் மூளை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது. ஊடுகதிரையும் கணினியையும் இணைத்து, உடலைப் படலம் படலமாகக் காட்டும் அக்கருவியே இன்று சி.டி. ஸ்கேன் எனப்படுகிறது. அன்று 15 நிமிடங்கள் கேட்ட கைப்படம், இன்று ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

மாணவர்களே, பள்ளி மூடிய கதவின் முன் ரோண்ட்கன் அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. வேறு வழி தேடி நடந்தார். பெற்றோர்களே, ஒரு தேர்வில் தவறிய பிள்ளையை இனிப் படிப்பு வராது என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இவ்வரலாறு ஒரு பாடமே. அன்று உட்ரெக்ட் பள்ளி கண்டது, கீழ்ப்படியாத ஒரு மாணவனை மட்டுமே. அவன் உள்ளத்திலிருந்த நேர்மையை அது காணவில்லை. பிள்ளைகளின் உள்ளத்தைக் காட்டும் கதிர் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதனைக் காண, அன்பும் பொறுமையுமே நமக்குத் துணை.