மரம் அறிந்த கர்னல்

ஸ்ரீரங்கம் கோவிலுக்குப் போகிறவர்கள் சந்திர புஷ்கரணிக் கரையில் உள்ள புன்னை மரத்தைக் கண்டிருப்பார்கள். அது அந்தத் தலத்தின் விருட்சம். வெள்ளைப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தம், பளபளக்கும் தடித்த இலை. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நெருக்கமாக ஓடும் கோடுகள் தெரியும்.

அந்தப் புன்னைக்கு மேற்கு மலையில் ஓர் உடன்பிறப்பு உண்டு. கடற்கரைப் புன்னை குட்டையாய், சாய்ந்து, வளைந்து வளரும். மலையில் உள்ளதோ கம்பம் போல நூறடிக்கு மேல் நேரே நிமிர்ந்து நிற்கும். அந்த மரத்தைத் தனியாக அடையாளம் கண்டு, படம் போட்டு, புத்தகத்தில் ஏற்றியவர் ஒரு பட்டாளத்துக்காரர். அவர் பெயர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்.

வக்கீல் மகன்

பெட்டோம் 1830ஆம் ஆண்டு மே மாதம் லண்டனை அடுத்த கிளாப்பம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வக்கீல். மூத்த மகனும் தம்மைப் போலவே சட்டம் படிக்கட்டும் என்று நினைத்தார்.

மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. பதினெட்டாவது வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். முதலில் ஜபல்பூரில் இருந்தார். பிறகு சென்னை வந்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் செடி, கொடி, பூச்சி, பாம்பு என்று தேடிக்கொண்டிருப்பது அவர் வழக்கம்.

ரயிலுக்கு மரம்

அது ரயில் வந்த காலம். 1856ல் சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது. 1862ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கும் ரயில் வந்து சேர்ந்தது.

ஊர் மக்கள் அதிசயப்பட்டார்கள். காடு என்ன ஆயிற்று?

தண்டவாளத்துக்கு அடியில் மரக்கட்டை போட வேண்டும். ஒரு கஜத்துக்கு ஒரு கட்டை என்று வைத்தாலே ஒரு மைலுக்கு 1,760 கட்டைகள் வேண்டும். அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு எரிக்கவும் விறகு வேண்டும். கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். காப்பித் தோட்டம் போடவும் மலைக்காட்டை அழித்தார்கள். கோடாரிக்கு ஓய்வே இல்லை.

இப்படியே போனால் காடு மிஞ்சாது என்ற பயம் சர்க்காருக்கு வந்தது. 1856ல் சென்னை ராஜதானிக்குக் காட்டு இலாகா ஏற்பட்டது. கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் அதன் தலைவர் ஆனார். அடுத்த ஆண்டு அவருக்கு உதவியாளராக வந்தவர்தான் பெட்டோம். சில ஆண்டுகளில் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது. 1882 வரை அந்த வேலையில் இருந்தார்.

பெயர் தெரியாத காடு

காவல் காப்பது என்றால் எதைக் காப்பது? தேக்கையும் சந்தனத்தையும் எல்லாரும் அறிவார்கள். ஆனால் மழைக்காட்டில் நூற்றுக்கணக்கான மர வகைகள் நெருங்கி நிற்கின்றன. ஒரே மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர். வெவ்வேறு மரங்களுக்கு ஒரே பெயர். ஒரு கட்டை கறையான் ஏறாமல் வருஷக்கணக்கில் உழைக்கும். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் இன்னொன்று சீக்கிரமே உளுத்துப் போகும். பெயர் தவறினால் பணமும் போச்சு, மரமும் போச்சு.

மழைக்காட்டு மரத்தை அடையாளம் காண்பது லேசான காரியம் அல்ல. அடிமரம் பாசி பிடித்துக் கிடக்கும். இலையும் பூவும் நூறடி உயரத்தில் இருக்கும். கீழே உதிர்ந்த பூ எந்த மரத்துப் பூ என்று தெரியாது. பட்டையைச் சிறிது வெட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன நிறம்? பால் வடிகிறதா? பிசின் வருகிறதா? வாசனை உண்டா? இலை எதிரெதிரே இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா? பூவும் காயும் கையில் கிடைத்தால்தான் முடிவு சொல்லலாம்.

அந்தப் பூ காணும் காலத்தில் மழை இருக்கும், அட்டை இருக்கும், காய்ச்சல் இருக்கும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897ல்தான். அதற்கு முன் காட்டுக் காற்றே விஷம் என்று மக்கள் நம்பினார்கள். அப்படிப்பட்ட நாளில் பெட்டோம் ஆனைமலை, நீலகிரி, திருநெல்வேலி மலைகள், திருவிதாங்கூர் மலைகள் என்று ஏறி இறங்கினார். மண்ணுக்குள் வாழும் சிறு பாம்பு வகைகளில் உலகம் அறியாத பலவற்றை அந்தப் பயணங்களில்தான் கண்டெடுத்தார்.

காட்டில் வழிகாட்ட மலைவாசிகள்தாம் துணை. ஆனைமலையில் காடர், பொதிகைப் பக்கம் காணிக்காரர் என்று அந்தந்த மலைக்கு உரியவர்கள், ஒவ்வொரு மரத்தையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்.

பாய்மரப் புதிர்

இனி நம் புன்னைக்கு வருவோம். கப்பலின் பாய்மரத்துக்கு நீண்ட, நேரான, லேசில் முறியாத மரம் வேண்டும். மேற்குக் கரைக் காடுகளிலிருந்து அப்படி ஒரு மரம் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார வியாபாரிகள் அதைப் பூன் என்று அழைத்தார்கள். புன்னை என்ற சொல்தான் அவர்கள் வாயில் பூன் ஆயிற்று.

ஆனால் எந்தப் புன்னை? கடற்கரைப் புன்னையின் வளைந்த கட்டை, படகின் உட்புற வளைவுகளுக்கு ஆகும், பாய்மரத்துக்கு ஆகாது. வேறொரு இனத்தின் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. மலையில் ஓங்கி நிற்கும் மரமே பாய்மரப் புன்னை என்று பெட்டோம் தனியாகப் பிரித்து விவரித்தார். காலோபில்லம் எலாட்டம் என்று பெயர் வைத்தார். காலோபில்லம் என்றால் அழகிய இலை. எலாட்டம் என்றால் உயர்ந்தது. பர்மாப் பக்கத்தில் உள்ள ஒரு மரமும் இதுவும் ஒன்றே என்று பின்னாளில் அறிஞர்கள் கண்டார்கள். ஆகவே இன்று அதற்கு முன்பே வழங்கிய காலோபில்லம் பாலியாந்தம் என்ற பெயர் நிற்கிறது.

கொங்கு என்ற மரத்துக்கும் பெட்டோம்தான் நூற்பெயர் வைத்தார். மலையாளத்தில் அதைத் தம்பகம் என்பார்கள். கனமான, கறையானுக்கு அஞ்சாத மரம். ரயில் பாதைக் கட்டைக்கு ஏற்றது. தென்கோடி மலைகளில் மட்டுமே வளரும் செங்குறிஞ்சிக்குப் பெயர் தந்தவரும் அவரே.

330 படங்கள்

1869 முதல் சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காட்டு மரங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் 330 படங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் கிளை, இலை, பூ, காய், பூவின் உறுப்புகள் எல்லாம் தனித்தனியே வரையப்பட்டிருந்தன. மரம் எங்கே வளரும், எப்படிப்பட்ட பலம், எதற்கு உதவும் என்ற விவரங்களும் இருந்தன.

அந்தக் காலத்துத் தாவர நூல்களின் படங்களைப் பார்த்தால் ஓரத்தில் சிறிய எழுத்தில் கோவிந்து என்ற பெயர் தெரியும். அவர் நம் நாட்டு ஓவியர். பெட்டோமுக்கு முன்பே ராபர்ட் வைட் என்ற டாக்டருக்கு வரைந்தவர். வைட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்கே கோவிந்துவின் பெயரை வைத்தார். மரத்தைக் காட்டிக்கொடுத்த மலைவாசிகளின் பெயரோ புத்தகத்தில் ஏறவில்லை. மரங்களுக்கெல்லாம் பெயர் தேடிய காலத்தில் அந்த மனிதர்களின் பெயரை யாரும் எழுதி வைக்காதது பெரிய குறைதான்.

கோடாரியும் காவலும்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டோமின் அறிவு காட்டைக் காக்க மட்டும் பயன்படவில்லை, வெட்டவும் பயன்பட்டது. எந்த மரம் எதற்கு ஆகும் என்று தெரிந்தால், அதைத் தேடிக் கோடாரியும் போகும். அவர் வேலையை விட்ட 1882ஆம் ஆண்டிலேயே சென்னை வனச் சட்டமும் வந்தது. காடு சர்க்கார் சொத்தாயிற்று. காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

ஆனால் பெயர் வைத்ததன் பலன் வேறு வழியிலும் வந்தது. செங்குறிஞ்சி இன்று அருகிவரும் மரம். அதன் பெயராலேயே கேரளத்தில், செங்கோட்டைக்கு மேற்கே, 1984ல் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் ஏற்பட்டது. பெயர் இல்லாத மரத்துக்கு யார் சரணாலயம் கேட்பார்கள்? அது விறகோடு விறகாகப் போயிருக்கும்.

வீட்டின் பெயர்

சீமைக்குத் திரும்பிய பெட்டோம் லண்டனில் வாண்ட்ஸ்வொர்த் என்ற பகுதியில் வீடும் தோட்டமும் அமைத்துக்கொண்டார். கர்னல் பெட்டோம் என்று மரியாதையாக அழைக்கப்பட்டார். வீட்டுக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? சிஸ்பாரா! நீலகிரியின் மேற்குக் கோடியில், மேகம் தவழும் ஒரு மலைக் கணவாயின் பெயர் அது. உடம்பு லண்டனில் இருந்தாலும் மனம் அங்கேதான் இருந்தது போலும். அந்த வீட்டிலேயே 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 23ந்தேதி, எண்பதாவது வயதில் காலமானார்.

திருச்சியில் தொடர்ந்த வேலை

அவர் தொடங்கிய வேலை அவரோடு முடியவில்லை. 1881ல் கேம்பிள் என்ற வன அதிகாரி இந்திய மரக்கட்டைகளைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். வெட்டிய கட்டையின் முகத்தை வழுவழுப்பாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் துளைகளும் கோடுகளும் தெரியும். இலை, பூ இல்லாமலே மரத்தைக் கண்டுபிடிக்க அவை உதவும்.

திருச்சியில் புனித வளனார் கல்லூரியில் 1967ல் ராபினட் உலர்தாவரக் கூடம் தொடங்கியது. அதை நடத்திய மாத்யூ பாதிரியார் தமிழ்நாட்டின் சமவெளியையும் பழனி மலையையும் ஆராய்ந்து பெரிய நூல்கள் எழுதினார். உலர்த்தி ஒட்டிய ஒவ்வொரு கிளையோடும் பெயரும் இடமும் தேதியும் எழுதி வைப்பது அத்தகைய கூடங்களின் வழக்கம். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் கிளை வெறும் சருகுதான்.

அடுத்த முறை ஸ்ரீரங்கம் போகும்போது பிள்ளைகளைப் புன்னையடிக்கு அழைத்துப் போங்கள். கீழே விழுந்த இலை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டுங்கள். மலையில் இதற்கு ஓர் உயரமான உடன்பிறப்பு இருப்பதையும் சொல்லுங்கள். பிறகு உங்கள் தெருவில் நிற்கும் மரத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கும் தெரியாமல் நமக்கும் தெரியாமல் இருந்தால், அன்றே கேட்டுத் தெரிந்துகொள்வோம்.