பத்தாயிரம் கோடி சிப்பி எங்கே போச்சு?

நம்ம சேதராப்பட்டுல கடல் கிடையாது. ஆனா ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வந்தா, மீன் விலை ஏறுறது நமக்கும் தெரியும். அந்த 61 நாளுக்குப் பின்னாடி ஒரு கேள்வி இருக்கு: கடலுக்குள்ள இருக்கிறதை எப்படி எண்ணுறது? நம்ம கடல்ல இதோட மல்லுக்கட்டினவங்கள்ல முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

1865-ல் பிறந்த பிரிட்டன்காரர். ஜெர்சி தீவில் கடல் உயிரின ஆய்வு நிலையம் நடத்திக்கிட்டிருந்தார். அப்போ மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கம் 1891-க்குப் பிறகு முத்துக்குளிப்பே நடக்கல. அரசாங்கத்துக்கு வருமானம் போச்சு. காரணம் கண்டுபிடிக்க லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-ல் வந்தார். கூட உதவிக்கு வந்த ஹார்னெல், ஹெர்ட்மன் ஊர் திரும்பின பிறகும் இங்கேயே தங்கிட்டார்.

முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுக்கு 'பார்'னு பேர். எண்ணுற முறை நம்ம சாம்ப்ளிங் மாதிரிதான். குளியாளிகளை இடம் இடமா மூழ்க வைக்கணும். ஒரு மூச்சுல எத்தனை சிப்பி வருதுன்னு பார்த்து, பாரோட பரப்பால பெருக்கணும். கொஞ்சம் சிப்பியை அழுக விட்டு, கழுவி, முத்தை மதிப்பு போடணும். அதை வச்சுத்தான் குளிப்பு நடத்தலாமா வேணாமான்னு முடிவு.

1902 மார்ச்சில் பெரிய பாரைப் பார்த்தாங்க. சில மாசமே ஆன குட்டிச் சிப்பிகள் தரை முழுக்க. குறைஞ்சது பத்தாயிரம் கோடின்னு ஹெர்ட்மன் மதிப்பிட்டார். கூடவே, இது பிழைக்காது, கரைப்பக்கம் பாதுகாப்பான இடத்துக்கு மாத்திடணும்னும் எழுதினார். ஏன்னா 24 வருஷத்துல பதினோரு தடவை இப்படிக் குட்டிச் சிப்பி நிறைஞ்சும், அங்கே ஒரு குளிப்புகூட நடந்ததில்லை. இடம் மாத்துறதுக்கு ஹார்னெல் நவம்பரில் போனார். நடுவுல தென்மேற்குப் பருவக்காற்று வந்து போயிருந்தது. ஒரு சிப்பிகூட இல்லை.

என்னைக் கேட்டா, மீன்வள மாடல் படிக்கிற எல்லாருக்கும் முதல் பாடமா வைக்க வேண்டியது இதுதான். பின்னாடி 1918-ல் ரஷ்யாவின் பரானோவ், 1957-ல் பெவர்டன், ஹோல்ட் எல்லாம் எழுதின சமன்பாடுகளில் இயற்கைச் சாவுக்கு ஒரு எண் உண்டு. வசதிக்காக அதை மாறிலின்னு வச்சுக்குவோம். எண்ணிக்கை எக்ஸ்பொனென்ஷியலா குறையும். பெரிய பாரில் அந்த வளைவு எதுக்கும் பொருந்தாது. அங்கே சாவு தினமும் கொஞ்சம் கொஞ்சமா வராது; ஒரே பருவத்துல மொத்தமா வரும். ஆரம்ப எண்ணிக்கை எவ்வளவு துல்லியமா இருந்தாலும் கிராஃப் தப்புதான்.

இதுக்கு விலையும் கொடுத்தாங்க. 1903 முதல் 1907 வரை வேற பார்களில் அஞ்சு வருஷம் தொடர்ந்து நல்ல குளிப்பு. 1905-ல் மட்டும் அரசாங்கத்துக்குச் சுமார் 25 லட்சம் ரூபாய். அதை நம்பி 1906-ல் ஒரு லண்டன் கம்பெனி, வருஷம் 3,10,000 ரூபாய்னு 20 வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907-க்கு அப்புறம் சிப்பி வரல. கம்பெனி மூடிட்டாங்க. அஞ்சு டேட்டா பாயின்ட்டை வச்சு இருபது வருஷத்துக்குக் கோடு இழுத்த கதை! கடலுக்கு அடியில திருக்கையும் நட்சத்திர மீனும் சிப்பியைத் தின்னுக்கிட்டிருந்தது எந்தக் குத்தகைப் பத்திரத்துலயும் இல்லை.

ஹார்னெல் எல்லாத்துலயும் சரியா இருந்தார்னு சொல்ல முடியாது. முத்து உருவாக நாடாப்புழுவின் குஞ்சுதான் காரணம்னு அவரும் ஹெர்ட்மனும் சொன்னது நிலைக்கல. ஆனா அவர் மேஜையில உட்கார்ந்து கணக்குப் போட்டவர் இல்லை. சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, தூத்துக்குடி முத்தும் சங்கும் பார்த்து, 1914-ல் சங்கு பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 1918 முதல் 1924 வரை துறையின் இயக்குநர். மத்தி மீனின் வாழ்க்கையை ராமசாமி நாயுடுவோட சேர்ந்து எழுதினது 1924-ல். எத்தனை மீன் இருக்குங்கிறதுக்கு முன்னாடி, அது எப்போ முட்டையிடுது, எவ்வளவு சீக்கிரம் வளருதுன்னு கேட்டது சரியான வரிசைன்னு நினைக்கிறேன்.

ஓய்வுக்கப்புறம் படகுகளைத் தேடி உலகம் சுத்தினார். கட்டுமரத்தைப் பத்தி அவர் எழுதினதுக்குத் தனிக் கட்டுரையே வேணும். 1949-ல் இறந்தார்.

தூத்துக்குடியில் 1955-லிருந்து மறுபடி முத்துக்குளிப்பு நடந்தது. 1961-தான் கடைசி.